மாரியில் மாற்றுங்கள் போனை

கிழக்குக் கரையில் சுற்றுலாச் சீசன் மே மாதம் சூடு பிடித்து செப்டெம்பரில் அடங்கும். நீங்கள் நிலாவெளியில் விடுதி வேலை செய்பவரா, புறாமலைக்கு வள்ளம் ஓட்டுபவரா, சாம்பல்தீவில் வீட்டின் இரண்டு அறைகளை வெளிநாட்டவருக்கு விடுபவரா? அப்படியென்றால் அந்த ஐந்து மாதங்களுக்குள் அண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கோ, ஐபோனில் இருந்து அண்ட்ராய்டுக்கோ மாறாதீர்கள். வாங்குவதையே மாரிக்குத் தள்ளிப் போடுங்கள். கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையேறி, முன்பதிவுகள் ஓய்ந்த பிறகு மாறுகிறவர்களுக்குப் பழக நேரம் கிடைக்கும்.

காரணம் எளியது. தளம் மாறிய முதல் இரண்டு வாரம் கை தடுமாறும். பின்னால் போக எங்கே அழுத்துவது, வந்த கோப்பு எங்கே ஒளிந்தது, தமிழில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொன்றும் தேடலாக இருக்கும். ஜூலை மாதக் காலையில் ஜெர்மன் குடும்பமொன்று வள்ளம் எத்தனை மணிக்கு என்று கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது, அந்தத் தேடல் வாடிக்கையாளரை அடுத்த வள்ளக்காரரிடம் அனுப்பிவிடும். திருகோணமலை நகரத்து அலுவலகத்திலும் சீனக்குடாத் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் மாத முடிவைத் தவிருங்கள். ஆசிரியர்களுக்கு டிசம்பர் விடுமுறை பொருத்தம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மாரி என்றால் புயலும் வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது. வானிலை அறிவிப்பு மோசமாக இருக்கும் நாளில் பழைய போனை அழித்துப் புதிய போனை அரைகுறையாக வைத்திருப்பது ஆபத்து.

மாறத்தான் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் இருந்து இலங்கையில் போனுக்கு 18 வீத வற் வரி சேர்கிறது. ஒரு மாதச் சம்பளத்தில் புதுப் போன் வாங்குவது பலருக்கு முடியாத காரியம். வேலைக்காக மாறுவதற்கு நல்ல காரணங்கள் மூன்றுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. நிறுவனம் ஒரு குறிப்பிட்ட தளத்தைக் கேட்கிறது. படம், காணொளி எடுப்பதே உங்கள் பிழைப்பு. இந்த மூன்றும் இல்லையென்றால் கையில் உள்ள போனை ஒழுங்காக அமைத்துக்கொண்டால் போதும். பக்கத்து மேசைக்காரர் ஐபோன் வைத்திருக்கிறார் என்பதற்காகத் தவணைக் கடனில் இறங்கிய இளம் ஊழியர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. விடுதி முகாமையாளர் உங்களை எடை போடுவது நீங்கள் எத்தனை நிமிடத்தில் பதில் அனுப்புகிறீர்கள் என்பதை வைத்து.

பழைய ஐபோன் மலிவாகக் கிடைக்கிறது என்று மாறுவதும் வேண்டாம். 2025 மே மாதத்தில் இருந்து ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள ஐபோன்களில் வாட்ஸ்அப் இயங்காது. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் ஐஓஎஸ் 12க்கு மேலே போகவே முடியாதவை. அண்ட்ராய்டில் 4.4 பதிப்புக்கு அந்த ஆண்டு ஜனவரியிலேயே கதவு மூடப்பட்டது. வாங்கும் முன் அமைப்புகளுக்குள் போய் எந்தப் பதிப்பு என்று நீங்களே பாருங்கள். ஹுவாவே போன்களில் 2019 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பெரும்பாலான மாதிரிகளில் கூகுள் சேவைகள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டுப் போன்

எங்கள் பக்கத்தில் தளம் மாறுவது பெரும்பாலும் கடையில் தொடங்குவதில்லை. கனடாவில் இருந்து அண்ணன் கொண்டுவருகிறார், கட்டாரில் இருந்து மச்சான் அனுப்புகிறார். அன்பாக வரும் போன்தான்; ஆனால் வாங்கும் முன் அவர்களோடு ஒருமுறை கதையுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது சிம் தட்டு இருக்கிறதா என்று. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த 14ஆம் வரிசையில் இருந்தே சிம் போடும் இடம் இல்லை, இ-சிம் மட்டும்தான். 2025இல் வந்த 17ஆம் வரிசையில் கனடா, சவூதி, எமிரேட்ஸ், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்பவையும் அப்படியே. எங்கள் சொந்தங்கள் வேலை செய்யும் நாடுகள்தான் பட்டியல் முழுக்க. டயலொக்கும் மொபிடலும் இ-சிம் தருகின்றன, ஆகவே போன் வேலை செய்யும். ஆனால் வள்ளத்தில் வேலை செய்பவருக்கு நான் இன்னும் பிளாஸ்டிக் சிம்மையே சொல்வேன். போன் கடலில் விழுந்து செத்தால் சிம்மை எடுத்து வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு அன்று பின்னேரமே வேலையைத் தொடரலாம். இ-சிம் என்றால் சேவை நிலையத்தோடு கதைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, போன் அங்குள்ள நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்பது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய போன் விற்க முடியாது. பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்து. அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன்கள் இன்னும் பூட்டோடு வரும்.

மூன்றாவது, இலங்கையின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அங்கீகாரமில்லாத போன்களை வலையமைப்பில் சேரவிடாத ஏற்பாட்டை ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. கடையில் வாங்கினாலும் கைமாறி வாங்கினாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

உரையாடல்களைக் கொண்டுபோவது

ஒரு வள்ளக்காரரின் ஐந்து வருடத் தொழில் அவருடைய வாட்ஸ்அப்பில் இருக்கிறது. போன வருடம் வந்த பிரெஞ்சுத் தம்பதி யாரை அனுப்பினார்கள், முற்பணம் யார் போட்டார்கள், எந்த விடுதியோடு என்ன விலை பேசினோம், எல்லாம் அங்கேதான். தளம் மாறும்போது முதலில் தொலைவதும் அதுதான். ஏனென்றால் அண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் காப்பைக் கூகுள் டிரைவில் வைக்கிறது. ஐபோன் ஐகிளவுடில் வைக்கிறது. ஒன்றில் வைத்ததை மற்றது திறக்காது.

அண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக 2022இல் இருந்து நேரான வழி இருக்கிறது. பழைய போனில் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போட்டு, அதில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு: ஐபோன் முற்றிலும் புதிதாக, அல்லது முழுதாக அழிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கடைக்காரர் அன்போடு போனைத் திறந்து, கணக்குப் போட்டு, படம் வைத்துத் தந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். மறுபடி அழித்துத்தான் தொடங்க வேண்டும். ஆகவே கடையில் ‘செட் பண்ணி’ வாங்காதீர்கள். உடையவில்லையா, திரை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு போனையும் சார்ஜரில் குத்துங்கள். பழைய போனில் அந்தச் செயலி திரையிலேயே இருக்கட்டும். நடுவில் அழைப்பு வந்தாலோ வேறு செயலியைத் திறந்தாலோ பரிமாற்றம் நின்றுவிடக்கூடும். இரவு பத்து மணிக்குப் பிறகு செய்வது நல்லது. தொலைபேசி இலக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் வராது, அது போகட்டும்.

ஐபோனில் இருந்து அண்ட்ராய்டுக்கு வருபவர்களுக்கு ஒரு கேபிள் வேண்டும். பழைய ஐபோன் என்றால் லைட்னிங் முனையும் யூஎஸ்பி-சி முனையும் உள்ளது. ஐபோன் 15 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் இரு பக்கமும் யூஎஸ்பி-சி. இங்கும் புதிய போன் அமைக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். சிம்மைக் கழற்றும் முன் ஐபோனில் ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் நிறுத்துங்கள். மறந்தால், ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர் அனுப்பும் செய்தி உங்களுக்கு வராமல் ஆப்பிளின் பக்கமே தங்கிவிடும். அவர் நீங்கள் பதில் போடவில்லை என்று நினைப்பார்.

மற்றவற்றுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: தொடர்பு இலக்கங்கள், படங்கள், நாட்காட்டி மூன்றையும் மாறுவதற்கு முன்பே கூகுள் கணக்கில் ஏற்றிவிடுங்கள். கூகுளின் செயலிகள் இரண்டு தளத்திலும் ஓடும். ஐகிளவுடை அண்ட்ராய்டில் உலாவி வழியாகத்தான் எட்டிப் பார்க்கலாம். இலவச இடமும் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5. இன்னும் பலர் இலக்கங்களைச் சிம்மிலேயே வைத்திருக்கிறார்கள். சிம்மில் பெயரும் எண்ணும் தவிர வேறொன்றும் நிற்காது, அதற்கும் எல்லை உண்டு. தொடர்புகள் செயலியில் சிம்மில் இருந்து கணக்குக்கு மாற்றும் வசதி இருக்கிறது, சில நிமிட வேலை.

வங்கிச் செயலிகள் புதிய போனில் பெரும்பாலும் மறுபடி பதியச் சொல்லும். சரிபார்ப்பு எண் உங்கள் சிம்முக்கு வரும். ஆகவே வங்கி, மின்னஞ்சல், அலுவலகக் கணக்கு மூன்றிலும் புதிய போனில் நுழைந்து பார்த்து முடிக்கும் வரை பழைய போனை அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தமிழ், சிங்களம், பாமினி

திருகோணமலையில் வேலை என்றால் மூன்று மொழி. காலையில் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் கடிதம், மதியம் சிங்களத்தில் ஒரு செய்தி, மாலையில் விருந்தினரோடு ஆங்கிலம். போன் மாற்றும்போது இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கேமராவைப் பிறகு பார்க்கலாம்.

அண்ட்ராய்டில் ஜிபோர்டு விசைப்பலகை வைத்து ஆங்கில எழுத்தில் தட்டி, மேலே வரும் தமிழ்ச் சொல்லைத் தொட்டுப் பழகியவர்கள் ஐபோனுக்குப் போனால் சில நாள் தவிப்பார்கள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகைகள் உள்ளன. அஞ்சல், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை. அதில் எழுத்தைத் துல்லியமாகத் தட்ட வேண்டும்: ‘ந’வுக்கு ஒரு விசை, ‘ன’வுக்கு வேறு, பெரிய எழுத்தில் ‘ண’. ஒரு வாரம் பிடித்துப் பழகினால் வேகம் வரும், எழுத்துப் பிழையும் குறையும். தமிழ்99 இன்னும் வேகமானது. நாளெல்லாம் தமிழில் எழுதுபவர் அதைப் பழகுவது நல்ல முதலீடு. சிங்கள விசைப்பலகை இப்போது இரு தளத்திலும் இருக்கிறது.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி கூகுளில் தமிழுக்கு 2017இல் வந்தது. இலங்கைத் தமிழைத் தனியே பட்டியலிட்டார்கள். மீன் வாடியில் ஈரக் கையோடு நிற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அது பெரிய உதவி, அண்ட்ராய்டில் விசைப்பலகையின் ஒலிவாங்கியைத் தொட்டால் போதும். ஐபோன் வாங்க நினைப்பவர் கடையிலேயே தமிழில் ஒரு வசனம் சொல்லிச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள்: ஐஓஎஸ் 18 வரை ஆப்பிளின் சொந்த மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஐபோனிலும் கூகுள் டிரான்ஸ்லேட்டையே போட வேண்டும்.

அடுத்தது பாமினி. எங்கள் பாடசாலைகள், அலுவலகங்கள், சங்கங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கடிதம் தட்டுகிறார்கள். அந்தக் கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். போன் பழுது என்று நினைத்து மாற்றியவர்களும் உண்டு; எந்தத் தளத்துக்கு மாறினாலும் அது அப்படியேதான் தெரியும். அனுப்புபவரிடம் பீடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள். அலுவலகத்தில் யூனிகோடுக்கு மாறும்படி வாய்விட்டுக் கேளுங்கள். இளம் ஊழியர் ஒருவர் இதைச் சொல்லித் தொடங்கி வைத்தால் அந்த அலுவலகம் முழுவதுக்கும் செய்த நன்மை அது.

கோப்பு விஷயத்தில் ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. 2017இல் இருந்து ஐபோன் படங்களை எச்ஈஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. அடையாள அட்டையைப் படமெடுத்துக் கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள பழைய கணினி திறக்க மறுக்கும். கேமரா அமைப்பில் வடிவங்கள் என்ற இடத்தில் ‘அதிகப் பொருத்தமானது’ என்பதைத் தெரிவுசெய்தால் ஜேபெக் ஆகும்.

வேலைக்கு ஏற்ற போன்

ஐபோனில் ஒன்றும் மாற்ற முடியாது என்பது பழைய பேச்சு. 2020இல் முகப்புத் திரைக்கு விட்ஜெட்டுகள் வந்தன, 2022இல் பூட்டுத் திரையை மாற்றும் வசதி வந்தது, 2024இல் ஐஓஎஸ் 18 ஐகான்களை விரும்பிய இடத்தில் வைக்க விட்டது. ஆனாலும் முழுத் திரையின் தோற்றத்தையே மாற்றும் லாஞ்சர் செயலிகள் அண்ட்ராய்டில்தான். அழகுக்கு நேரம் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. முதலில் வேலைக்கு அமையுங்கள்.

முதல் திரையில் வேலைக்கு வேண்டிய ஆறேழு செயலிகள் மட்டும் இருக்கட்டும். முகநூலும் டிக்டொக்கும் இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும். பிறகு வேலை நேரத்துக்கு ஒரு தனி நிலை அமையுங்கள்: ஐபோனில் 2021இல் வந்த ஃபோகஸ், சாம்சங்கில் மோட்ஸ் அண்ட் ரூட்டீன்ஸ். விடுதியின் வைஃபையில் இணைந்தவுடன் போன் தானாக ஒலி குறைந்து, முகாமையாளர், வரவேற்பு மேசை, வீடு ஆகிய அழைப்புகளை மட்டும் விடும்படி செய்யலாம்.

அடிக்கடி செய்யும் வேலைக்குக் குறுக்குவழி வையுங்கள். பல அண்ட்ராய்டு போன்களில் பக்கப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கேமரா திறக்கும். ஐபோன் 8இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் முதுகைத் தட்டினால் வேலை செய்யும் ‘பேக் டாப்’ இருக்கிறது, அணுகல் வசதிகளுக்குள் ஒளிந்திருப்பதால் பலருக்குத் தெரியாது.

விருந்தினர் கையில் போனைக் கொடுத்துப் பவளப்பாறைப் படம் காட்டுகிறீர்கள். அவர் விரல் தவறி உங்கள் குடும்பப் படங்களுக்குள் போய்விடலாம். ஐபோனில் கைடட் ஆக்செஸ், அண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங்: இரண்டும் போனை ஒரே செயலிக்குள் பூட்டிவிடும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் பழக வேண்டிய வசதி இது.

தொழிலுக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத் தனியாக இரண்டாவது இலக்கத்தில் வையுங்கள். சாதாரண வாட்ஸ்அப்போடு ஒரே போனில் இரண்டு தளத்திலும் ஓடும். அதில் விரைவுப் பதில்கள் 50 வரை சேமிக்கலாம். புறப்படும் நேரம், விலை, என்ன கொண்டுவர வேண்டும், புறாமலைத் தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டு தனி என்பது, இவற்றை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒருமுறை நன்றாக எழுதி வைத்தால் பிறகு ஒரு சாய்கோட்டைத் தட்டினால் போதும்.

இங்கே ஒரு கேள்வியை வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்: வாடிக்கையாளரோடு கதைக்கும் இலக்கம் யாருடையது? நிறுவனம் உங்கள் சொந்த இலக்கத்தைப் பயன்படுத்தச் சொன்னால், நீங்கள் விலகிய பிறகும் அழைப்புகள் இரவு பகலாக உங்களுக்கே வரும். நிறுவனத்தின் சிம்மைக் கேட்டு வாங்கி இரண்டாவது இடத்தில் போடுங்கள். அலுவலக மின்னஞ்சலுக்கு அண்ட்ராய்டில் வேர்க் புரொஃபைல் என்ற தனி அறை உண்டு. நிறுவனம் அதை அழித்தாலும் உங்கள் படங்கள் அப்படியே இருக்கும்.

வேலை தேடுபவர்களுக்கு, குறிப்பாகக் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்து மாணவர்களுக்கு: சான்றிதழ்களை ஸ்கேன் செய்யக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐபோனில் குறிப்புகள் செயலியும், அண்ட்ராய்டில் கூகுள் டிரைவும் ஓரம் வெட்டி, நேராக்கி, பல பக்கங்களை ஒரே பீடிஎஃப் ஆக்கித் தரும். கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். போன் தானாக வைக்கும் எண் வரிசையோடு அனுப்பினால் பெறுபவருக்கு அது யாருடையது என்று தெரியாது.

கடலில் வேலை செய்பவர்கள் நீர்காப்புத் தரமான ஐபி68 என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. உப்பு நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, துளை முழுதாக உலரும் வரை சார்ஜரில் போடாதீர்கள். நீர் புகுந்த பழுதுக்கு உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்காது. சீசனில் நீர்ப்பைக்குள் வைப்பதே மலிவு. வலையமைப்பு கிடைக்காத இடத்துக்காக வரைபடத்தையும் மொழிபெயர்ப்பு மொழிகளையும் கரையிலேயே பதிவிறக்குங்கள்.

எல்லாம் நகர்ந்து முடிந்ததும் பழைய போன் பெரும்பாலும் தம்பிக்கோ தங்கைக்கோ போகும். கொடுக்கும் முன் ஐபோன் என்றால் ஐகிளவுடில் இருந்தும், அண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கில் இருந்தும் வெளியேறி, அதன் பிறகு அமைப்புகள் வழியாக அழியுங்கள். வெளியேறாமல் அழித்த போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். கைமாறிய போன் வாங்குபவர்களும் இதையே கேளுங்கள்: விற்பவர் உங்கள் முன்னாலேயே கணக்கில் இருந்து வெளியேறி, போன் புதிதாக வரவேற்பு சொல்லும் திரை வந்த பிறகு காசைக் கொடுங்கள்.